நிலைநிறுத்தல் என்னும் நல்லறம்



நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் முதன்மணியாகிய நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு என நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதன் வழி நின்று தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் இவ்வெட்டு உறுப்புகளையும் ஓதி வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் ஆறாம் உறுப்பாகிய ஸ்திதிகரணம் என்பது, பொருள் சொல்லிவிட்டுக் கடந்து செல்லும் சொல்லாகவே நம்மிடையே நின்றுவிட்டது. வழுவுகின்றவரை மீண்டும் நிலையில் நிறுத்துதல் என்பது அதன் பொருள். அறத்தினின்று வழுவுகின்றவரைக் குறித்தே ஆசாரியர்கள் அதனைக் கூறினர் என்பது உண்மையே. ஆனால் பசியாலும், நோயாலும், பேசுவதற்கு ஒருவரும் இல்லாத தனிமையாலும் நிலைகுலைந்த ஓர் இளைஞன் காட்சியையும் ஒழுக்கத்தையும் எங்ஙனம் காப்பான்? அடியெடுத்து வைக்க மண்ணே இல்லாதவனிடம் வழி தவறாதே என்று கூறிப் பயனில்லை. ஆதலின் வாழ்விலிருந்தே வழுவி விழுகின்ற இளையோரையும், தாங்குவாரின்றித் தள்ளாடும் குடும்பங்களையும் நிறுத்துவது இவ்வறத்தின் முதற்படி என்றே நாம் கொள்கிறோம்.

இங்கே இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையைக் குறித்துச் சிறிது சிந்திப்போம். நம்மவருள் பெரும்பாலோர் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழ்பவர். தென்கோடிக் கடற்கரைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்து இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள அனுமந்தக்குடியில் நம் சமயக் கோயில் ஒன்று உண்டு என்பதை நாம் அறிவோம். எனினும் அந்த உறவைக் காட்டுவதற்காக அக்கடற்கரையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நிலைநிறுத்துவார் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை அக்கடற்கரை நாட்டுக்கே ஒருமுறை காட்டியது, அதனால்தான் எடுத்துக்கொண்டோம்.

கீழக்கரையை அடுத்த ஏர்வாடியில் சுல்தான் சையது இப்ராகிம் ஷகீது அவர்களின் தர்கா உள்ளது. மனநோயுற்றோர் அங்குத் தங்கி வழிபட்டால் நலம் பெறுவர் என்னும் நம்பிக்கையால், எல்லாச் சமயத்தாரும் தம் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் அழைத்துக்கொண்டு அங்கு வருவது நெடுநாள் வழக்கம். அவ்வாறு வந்தோரைத் தங்கவைத்துக்கொள்ளத் தனியார் பலர் காப்பகங்கள் நடத்தி வந்தனர். அவற்றுள் ஒன்று மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் அதன் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். எழுந்து ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர்.

ஒரு வாரத்துக்குள் ஏர்வாடியிலிருந்த அத்தகைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. அவற்றிலிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்ற எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாது எனத் தடுத்துள்ளது.

நம் நூல்கள் இதனைச் சட்டத்துக்கு மிக முன்னரே கூறியுள்ளன. கொல்லாமை என்னும் முதல் அணுவிரதத்துக்கு அதிசாரங்கள், அதாவது விரதத்தைப் பழுதாக்கும் குற்றங்கள், ஐந்து. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகு பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இவற்றை எண்ணும்போது முதலில் வைத்தது 'பந்தம்' எனப்பட்ட கட்டிவைத்தலையே. தான் விரும்பிய இடத்துக்குச் செல்லும் உயிரைச் செல்லவொட்டாமல் பிணித்தல் என்று உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் விரித்தனர். ஆட்டையும் மாட்டையும் கட்டும்போதுகூட, தீப்பற்றினால் அறுத்துக்கொண்டு ஓடத்தக்கவாறு தளர்த்திக் கட்டவேண்டும் என்று நம் பெரியோர் விளக்கம் கூறுவர். விலங்குக்கு விதித்த அந்தச் சிறு இரக்கம் ஏர்வாடியில் மனிதனுக்குக் கிட்டவில்லை.

ஆனால் அன்பர்களே, அச்சங்கிலியைப் பூட்டியவர் காப்பகம் நடத்தியவர் மட்டும்தானா? அவர்களை அங்குக் கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோரும் அல்லரோ? அவர்களைக் கொடியவர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. இருபது வயது மகன் இரவெல்லாம் உறங்காமல் தனக்குத்தானே பேசுகிறான், தெருவில் ஓடுகிறான், அன்னையை அடிக்கிறான். தந்தை கூலிக்குச் செல்லாவிட்டால் அடுப்பு எரியாது. அன்னை வேலைக்குச் சென்றால் அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. உறவினர் வருவதை நிறுத்திவிட்டனர். அண்டை வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். இளைய மகளுக்கு வரன் கேட்டு வந்தவர்கள் செய்தி அறிந்து திரும்பிச் செல்கின்றனர். இந்நிலையில் அக்குடும்பம் முதலில் அவனை அறைக்குள் பூட்டும். பிறகு தூணில் கட்டும். பிறகு எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும். திரும்பும்போது அழுதுகொண்டேதான் திரும்பும். மகனுக்குப் பூட்டிய அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அக்குடும்பத்தைத் தனியே விட்ட ஒவ்வொருவராலும் அடிக்கப்பட்டது என்பது நம் துணிபு.

இவ்விடத்தில் நம்மவரிடையே நிலவும் ஒரு பிழையான எண்ணத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். நற்காட்சியின் ஐந்தாம் உறுப்பாகிய உபகூகனம் பிறர் குற்றத்தை மறைத்தலைக் கூறுகிறது. அதனைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டு, வீட்டில் மனம் நொந்த பிள்ளை இருப்பதை ஊரறியாமல் மறைப்பதும் குடிப்பெருமையைக் காக்கும் அறமே என்று கருதுவோர் உளர். நோய் குற்றமன்று, ஆதலின் மறைக்கத்தக்கதும் அன்று. உபகூகனம் விழுந்தவனைத் தூற்றாதே என்று பிறர்க்குச் சொல்லும் கட்டளையேயன்றி, விழுந்தவனைப் பின்கட்டு அறையில் ஒளித்துவை என்று வீட்டாருக்குச் சொல்லும் கட்டளையன்று. மூன்றாம் உறுப்பாகிய அருவருப்பின்மையையும் இதனோடு சேர்த்து எண்ணுக. உத்தாயன மன்னன் நோயுற்ற முனிவர் வடிவில் வந்தவர் தன்மேலேயே உமிழ்ந்தபோதும் முகஞ்சுளியாமல் தன் கையால் கழுவித் துடைத்தான். குளியாது, தலைமுடி சிக்குண்டு, திண்ணையில் கிடக்கும் அயல்வீட்டு இளைஞனைக் காணும்போது நம் முகம் எங்ஙனம் ஆகிறது என்பதை நாமே அறிவோம்.

தீயின்பின் அக்கடற்கரையில் சில நன்மைகள் விளைந்தன. மாவட்ட மனநலத் திட்டம் இராமநாதபுரத்துக்கு வந்தது. தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவம் அளிக்கும் ஏற்பாடு பின்னர் உருவாயிற்று. வழிபடுவோர் வழிபடட்டும், மருந்தும் உண்ணட்டும் என்பது அதன் நோக்கம். நம்பிக்கையைப் பழிக்காமல் அதன் அருகிலேயே மருந்தை வைத்த இம்முறை, ஒரு பொருளைப் பல நோக்கில் காணும் அநேகாந்தம் அறிந்த நமக்கு உவப்பானது. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

ஆயினும் இடருறுவோர் மனநோயாளர் மட்டுமல்லர். கடலை நம்பி வாழும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், இராமேசுவரம் ஊர்களின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 1974, 1976 உடன்பாடுகள் வகுத்த எல்லைக்கோட்டைக் கடந்தால் இலங்கைக் கடற்படை சிறைப்பிடிக்கும். 2018இல் அந்நாடு திருத்திய சட்டத்தால் அயல்நாட்டுப் படகுகளுக்குத் தண்டத் தொகை பன்மடங்கு உயர்ந்தது. எல்லை குறித்த வழக்கு யார் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. இலங்கையின் வட பகுதித் தமிழ் மீனவர்களும் தம் வலைகள் அறுபடுவதாகக் கண்ணீர் வடிக்கின்றனர் என்பதை மறத்தல் கூடாது. நாம் காண்பது கரையிலுள்ள வீட்டை. தந்தை யாழ்ப்பாணச் சிறையில், படகு பறிமுதல், படகின் மேல் வாங்கிய கடன் மட்டும் வட்டியோடு வீட்டில் இருக்கிறது. தலைமகன் பள்ளிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேறொருவர் படகில் ஏறுகிறான். சிறையிலுள்ள மீனவர் குடும்பத்துக்கு அரசு நாட்படி அளிக்கிறது. அது அரிசிக்கு ஆகும். அப்பையனிடம் உட்கார்ந்து பேச அதனால் ஆகாது.

1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபோது, பயணிகளோடு இரயிலே கடலில் மூழ்கியது கேட்டு நாடே பதறியது. கண்ணுக்குத் தெரியும் பேரிடருக்குக் கைகள் தாமே நீளும். ஒரு வீடு ஓசையின்றி மூழ்குவதுதான் தெரிவதில்லை.

மண்டபத்தில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. 1983 முதல் கடல் கடந்து வந்தோர் பலரும் முதலில் கால்வைத்த இடம் அது. 2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது கைக்குழந்தைகளோடு சில குடும்பங்கள் மீண்டும் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கின. முகாம்களில் பிறந்து வளர்ந்த இளையோர் பலர் பட்டம் பெற்றும் குடியுரிமை இல்லாதவர். எந்த நாட்டை நம் நாடு என்பது என்றே அறியாதவர். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்னும் அமைப்பை 1984இல் சந்திரகாசன் நிறுவினார். ஏதிலியரே ஏதிலியர்க்குக் கல்வியும் ஆற்றுப்படுத்தலும் அளிக்கும் அவ்வமைப்பின் பணி, நிலைநிறுத்தலுக்கு நல்ல சான்று.

இங்கே ஓர் ஐயத்தை எழுப்பும் அன்பர்கள் உண்டு. கொல்லாமையை உயிரென ஓம்பும் நாம், வலை வீசி உயிர் வதைக்கும் தொழிலோர் இல்லத்துக்குத் துணை செய்யலாமா என்பர். வினா நேர்மையானதே, விடையை நம் கதைகளிடமே கேட்போம். கொல்லாமை விரதத்துக்கு எடுத்துக்காட்டாக நம் ஆசாரியர் காட்டியவர் யார்? சதுர்த்தசி நாளில் கொல்லேன் என்று உறுதி பூண்டு, மன்னன் ஆணையையும் மறுத்த யமபாலன். அவன் கொலைத்தண்டனை நிறைவேற்றும் தொழிலன். மற்றொரு கதை மிருகசேனன் என்னும் மீனவனுடையது.

அவந்தி நாட்டில் சிப்பிரை ஆற்றங்கரையில் வாழ்ந்தவன் மிருகசேனன். வலையோடு சென்றவன் யசோதர முனிவரைக் கண்டு வணங்கினான். முனிவர் அவனை விலகிப்போ என்னவில்லை. தொழிலை இன்றே விடு என்றும் கூறவில்லை. உன் வலையில் முதலில் விழும் உயிரை விட்டுவிடு என்று அவனால் தாங்கக்கூடிய ஒரு சிறு விரதம் தந்தார். அன்று முதலில் ஒரு பெரிய மீன் விழுந்தது. அடையாளத்துக்கு ஒரு துணிக் கிழிசலைக் கட்டி அதனை ஆற்றில் விட்டான். மீண்டும் வலை வீச, அதே மீன். இவ்வாறு ஐந்து முறை அதுவே விழ, ஐந்து முறையும் விட்டான். பொழுது சாய்ந்தது. வெறுங்கையோடு வீடு திரும்பினான். மனைவி கண்டை சினந்து கதவைத் தாழிட்டாள். அவன் வெளியே ஒரு பழைய மரத்துண்டில் தலைவைத்துப் படுத்தான். இரவில் பாம்பு தீண்டி இறந்தான். விரதத்தின் பயனால் மறுபிறப்பில் ஐந்து முறை சாவினின்று தப்பினான் என்று கதை தொடர்கிறது.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் மறுபிறப்பின் பயனுக்கு விரைந்து சென்றுவிடுவர். நாம் அந்த இரவில் சற்றே நிற்போம். முனிவர் தம் கடமையைச் செய்தார். மீனவன் தன் சொல்லைக் காத்தான். கண்டையும் தீயவள் அல்லள். அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாத வீட்டுப் பெண். அவ்வூரில் சிராவகர் ஒருவரும் இல்லையா? முனிவர்க்கு ஆகாரம் அளித்த கைகளுள் ஒன்று அன்று மாலை அவ்வீட்டு வாயிலில் ஒரு படி அரிசியை வைத்திருந்தால், அக்கதவு தாழிடப்பட்டிருக்குமா? கதையில் அதற்கு விடை இல்லை. துறவியர் நெறியைக் காட்டுவர். அந்நெறியில் கால்வைத்தவன் வீட்டில் அன்றிரவு சோறு வேக வழி செய்வது இல்லறத்தார் கடன். தொழிலைக் கொண்டு கருணையை அளந்தால், தொழில் மாறுவதற்குரிய வாயிலையும் நாமே அடைத்தவர்களாவோம். மேலும் தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தை எந்த வலையையும் வீசவில்லை.

இனி, இடருற்றோர்க்கு இன்று உள்ள துணைகளைக் கூறுவோம். இவை இராமநாதபுரத்துக்கு மட்டுமன்றி நம் ஊர்களுக்கும் உரியவை. மனம் தளர்ந்தோர் 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற இதனைத் தமிழகத்தில் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவை என்பர். குழந்தைகளுக்கு இன்னல் நேர்ந்தால் 1098. இவ்வெண் 1996இல் பம்பாயில் தொடங்கி நாடெங்கும் பரவியது. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழுவும், குழந்தைகள் பாதுகாப்பு அலகும் உள்ளன. பெற்றோரை இழந்த வறிய பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் அளிக்கும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தை 2025இல் தமிழக அரசு தொடங்கியது. தற்கொலை எண்ணம் தடுக்கும் சிநேகா அமைப்பு 1986 முதல் சென்னையில் இயங்கி வருகிறது.

எண்கள் உள்ளன; அலுவலகங்கள் உள்ளன. தீவைக் கரையோடு இணைக்க 1914இல் இரயில் பாலமும், 1988இல் சாலைப் பாலமும், 2025இல் புதிய இரயில் பாலமும் வந்துவிட்டன. இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் 55 கிலோமீட்டர்தான். எனினும் கதவைச் சாத்திக்கொண்ட வீட்டிலிருந்து அந்த மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசை வரையுள்ள தொலைவு வேறு. எண்ணை அழைக்கவும் ஒரு தெம்பு வேண்டும். தெம்பு இருப்பவர்க்கு அந்த எண் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

இதற்கு வழி காட்டும் செய்தி ஒன்று உண்டு. சிநேகாவை நிறுவிய மருத்துவர் இலட்சுமி விஜயகுமாரும் அவர்தம் குழுவினரும், தமிழகத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு முயற்சி செய்து, அதன் விளைவை 2017இல் வெளியிட்டனர். பெரிய மருத்துவர்களை அங்கே குடியேற்றவில்லை. முகாமில் வாழ்வோரையே தன்னார்வலராகப் பயிற்றுவித்தனர். அவர்கள் இடருற்றோரைத் தொடர்ந்து சென்று கண்டனர். மனம் கலங்கும் வேளையில் என்ன செய்வது, யாரை அழைப்பது என்பதை அவரவரோடு அமர்ந்து ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தனர். இவ்வளவே. இம்முயற்சி நடவாத முகாமோடு ஒப்பிடும்போது, அங்கே உயிர்மாய்த்துக்கொள்ளும் முயற்சிகள் குறைவாக இருந்தன. மீண்டும் மீண்டும் வந்து கதவைத் தட்டும் ஒருவர் இருப்பதே மருந்தின் ஒரு பாதி போலும்!

இதனையே வாரிசேண முனிவர் செய்தார். சிரேணிக மன்னரின் மைந்தராகிய அவர் துறவு பூண்டபோது, நண்பராகிய புஷ்பதாலரும் தாட்சணியத்தால் துறவு பூண்டார். மனம் மட்டும் மனைவியிடமே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அவ்விருவரும் உடன் திரிந்தனர். நண்பர் நிலைகுலையும் தருணம் வந்தபோது வாரிசேணர் சங்கத்தாரிடம் முறையிடவில்லை, ஊரறியப் பழிக்கவுமில்லை. கைப்பிடித்துத் தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தையெல்லாம் காட்டி, வேண்டுமாயின் இவற்றை நீ கொள் என்றார். நண்பர் நாணித் தெளிந்தார். நிலைநிறுத்தலுக்கு வாரிசேணரை எடுத்துக்காட்டாக வைத்த ஆசாரியர், அந்தப் பன்னிரண்டு ஆண்டு உடன்நடையையும் எண்ணியே வைத்திருப்பார்.

நான்கு வகைத் தானங்களுள் ஔஷத தானம் என்பதற்கு மருந்து வாங்கப் பணம் கொடுத்தல் என்றே நம்மில் பலர் பொருள் கொள்கிறோம். அரசு மருத்துவமனையில் மனநல மருந்துகள் விலையின்றியே கிடைக்கின்றன. அங்கே வேண்டுவது பணமன்று. உடன் வரும் ஆள். தசலட்சண நாட்களில் நோன்பும் அபிடேகமும் வழக்கம்போல் நடக்கட்டும். அவற்றோடு, ஒவ்வொரு ஊரிலும் இருவர் அல்லது மூவர், தம் தெருவில் கதவடைத்துக் கிடக்கும் ஒரு வீட்டைத் தேர்ந்து செல்லலாம். அவ்வீட்டார் எந்தச் சமயத்தவர், எத்தொழிலர் என்று வினவ வேண்டுவதில்லை. முதல் நாளே அறிவுரை கூற வேண்டா. முன்பிறவி வினை என்று சொல்லவே வேண்டா. வினைப்பயனை அவர்கள் நம்மைவிட நன்கு உணர்ந்துகொண்டிருக்கின்றனர். அன்னை குளித்து உண்டு வரும் ஒரு நாழிகை நேரம் மகனருகில் அமர்ந்திருந்தால் போதும். பின்னர் அவர்கள் இசைந்தால், மாவட்ட மருத்துவமனைக்கு உடன் செல்லலாம். வரிசையில் இடம் பிடித்துத் தருவதும், மருத்துவர் கூறியதை அன்னைக்கு எளிய சொல்லில் விளக்குவதும் உடன் சென்றவர் செய்யக்கூடியவை. மருந்துச் சீட்டில் மீண்டும் வரவேண்டிய நாள் எழுதப்பட்டிருக்கும். அந்த நாளைத் தம் வீட்டு நாட்காட்டியிலும் அவர் குறித்துக்கொள்வாராக.